சப்பறத்தன்று கொம்பனை ஓட்டியது யார்?

அந்தோனியம்மா எறிந்த தகரப் பேணி என் காதோரமாகப் பறந்துபோய், வாசலில் நின்ற கொம்பனிக் கணக்கப்பிள்ளையின் வயிற்றில் பட்டது. குறி எனக்கல்ல என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"போய்ச் சொல்லும் உம்மட மனேச்சருக்கு. கேற்றடியில கதிரை போட்டு இருக்கிற வேலை எனக்கு வேண்டாமாம் எண்டு. காலை எடுத்துப்போட்டுக் கதிரை தாறாராம்."

கணக்கப்பிள்ளை வயிற்றைத் தடவிக்கொண்டு சைக்கிளில் ஏறினார். எனக்கு அந்தப் பெண்ணை அந்த இடத்திலேயே பிடித்துப்போயிற்று. ஒற்றைக்காலில் நின்றுகொண்டு இவ்வளவு குறிபார்த்து எறிகிறாள் என்றால் இரண்டு காலும் இருந்த காலத்தில் என்ன செய்திருப்பாள்?

நான் சில்வெஸ்ரர். ஊர்காவற்றுறையில் பிறந்தவன். துப்பறியும் பரராசசிங்கத்தின் மோட்டார் சைக்கிளை ஓட்டுவது, அவர் சொல்ல வெட்கப்படுகிற பொய்களைச் சொல்வது, அவருக்கு வராத பகிடிகளை விடுவது, இவ்வளவும் என் உத்தியோகம். அவர் முன்பு கொழும்பில் ஒரு காப்புறுதிக் கொம்பனியில் இருந்தவர். அடிபட்டவனுக்கு நட்டஈடு கொடுக்காமல் விடுவதற்குக் காரணம் கண்டுபிடித்துக் கொடுப்பது அங்கே அவருடைய வேலை. ஒருநாள் அப்படிக் காரணம் தேடிப் போன வீட்டிலிருந்து கோபத்தோடு திரும்பி வந்து வேலையை விட்டார். இப்போது அதே மூளையை எதிர்ப்பக்கத்துக்குப் பாவிக்கிறார்.

விசயம் இதுதான். எங்கள் ஊர் இறால் கொம்பனியில் ஒரு போக்லிப்ற் இருக்கிறது. முன்னால் இரண்டு இரும்புக் கொம்புகள். அவற்றில் பாரத்தை ஏந்தித் தூக்கிக்கொண்டு ஓடும். அதனால் ஊரில் அதற்குப் பெயர் கொம்பன். இந்த எண்பத்து நாலாம் ஆண்டு ஆனியில், நயினாதீவு அம்மனுக்குத் தேருக்கு முதல்நாள் சப்பறத் திருவிழா நடந்த அன்று பகல், கொம்பனில் வந்த இறால் பெட்டிகள் அந்தோனியம்மாவின் இடது காலில் சரிந்தன. பெரியாஸ்பத்திரியில் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

கொம்பனி சொல்லும் கதை வேறு. ஓட்டியவர் லைசென்ஸ் உள்ள சாரதி மார்க்கண்டு. ஹோர்ன் அடித்தார். கொம்பன் ஓடும் பாதைக்கு நிலத்தில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறது. அதைத் தாண்டக் கூடாது என்பது விதி. அந்தோனியம்மா வேண்டுமென்றே தாண்டினாள். வேண்டுமென்று விதியை மீறியவளுக்கு நட்டஈடு இல்லை. மார்க்கண்டர் இதற்குக் கையெழுத்தும் வைத்துவிட்டார். அங்கே இறால் உரிக்கும் பெண்கள் அத்தனை பேரும் தாங்கள் ஒன்றையும் காணவில்லை என்கிறார்கள். விசாரணை நாளைக்கு. மார்க்கண்டரின் சொல் நின்றால் அந்தோனியம்மாவுக்கு நட்டஈடு இல்லை, கொம்பனி கொடுத்த இந்த வீடும் இல்லை. மேலதிகமாக, திமிரெடுத்துத் தானே போய்க் காலைக் கொடுத்தவள் என்ற பட்டம் வேறு.

பரராசசிங்கம் பனங்கட்டியில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"எந்தப் பக்கம் பாத்து நிண்டனீங்கள் தங்கச்சி?"

"சுவர்ப்பக்கம். ஐஸ் கூடையைத் தூக்கக் குனிஞ்சனான். முதுகுப்பக்கத்தால வந்தது. ஓட்டின ஆளை நான் காணேல்லை."

"ஹோர்ன்?"

"ஹோர்ன் சத்தம் கேக்கேல்லை."

"மார்க்கண்டர் எப்பிடி? நல்லா ஓட்டுவாரோ?"

"அவரைப் போல ஓட்ட இஞ்சை ஆள் இல்லை. பாரம் உயர்ந்தால் முன்னால மறைக்குமெண்டு பின்பக்கமாத்தான் வருவார். கழுத்தைத் திருப்பிக்கொண்டு ஆமை மாதிரி ஊருவார். அண்டைக்கு அப்பிடி இல்லை. கொம்பு முன்னால வந்தது. விசர் பிடிச்ச மாடு மாதிரி வந்தது."

பரராசசிங்கம் கடிப்பதை நிறுத்தினார். ஏன் நிறுத்தினார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பனங்கட்டிக்குள் கல் இருந்ததாக்கும் என்று நினைத்தேன்.

குசினிக்குள்ளிருந்து அவளுடைய தம்பி குருசுமுத்து தேத்தண்ணி கொண்டுவந்தான். இருபத்தாறு வயது, நல்ல உழைப்பாளியின் தோள். முன்பு கொம்பனியில் பெட்டி ஏற்றுகிற வேலை செய்தவன். அக்காவுக்குக் கால் போன பிறகு அந்தப் பக்கமே போவதில்லை, கடலுக்குப் போகிறான். அவளுடைய புருசனைக் கடல் கொண்டுபோய்ப் பல வருசம். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். அவன் தட்டத்தை வைத்துவிட்டு ஒருவரையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டான்.

"எனக்கு ஒண்டுதான் வேணும் அண்ணை," என்றாள் அந்தோனியம்மா. "நான் கோட்டைத் தாண்டேல்லை. அவங்கள் அதைத்தான் என்ர தலையில கட்டிப்போட்டாங்கள். கால் போனதை விட அதுதான் எனக்கு எரியுது. மார்க்கண்டரை என்னெண்டாலும் செய்து உண்மை பேச வையுங்கோ. ஆர் ஓட்டினதெண்டு கிண்டவேண்டாம். நான் கோட்டைத் தாண்டேல்லை, அவ்வளவும் போதும்."

"பாப்பம்," என்றார் பரராசசிங்கம்.

மோட்டார் சைக்கிள் நாரந்தனை கடந்து சரவணை வரும்வரைக்கும் அவர் பேசவில்லை. எனக்கோ பேசாமல் இருந்தால் வயிறு ஊதிவிடும்.

"அண்ணை, மார்க்கண்டர் நயினாதீவு ஆள். நெற்றி நிறையத் திருநீறு. அவர் பொய் சொல்லுறார் எண்டு என்னெண்டு நிறுவப் போறியள்?"

"நான் அவரோட கதைக்கப் போறதில்லை."

"அப்ப இவ்வளவு தூரம் எண்ணெயைச் செலவழிச்சு ஏன் போறம்?"

"அவற்ர மனிசியோட கதைக்க. காணும் சில்வெஸ்ரர், ஆம்பிளையளிட்டைக் கேட்டால் வாக்குமூலம் கிடைக்கும். அடுப்படியில கேட்டால் உண்மை கிடைக்கும்."

"என்ர வீட்டு அடுப்படியில எனக்கு ஏச்சுத்தான் கிடைக்கிறது."

"அதுவும் உண்மைதானே."

இந்த மனிசனுக்குப் பகிடி வராது என்று சொன்னேன் அல்லவா? இடைக்கிடை தவறி வந்துவிடும்.

குறிகட்டுவானில் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு லோஞ்சில் ஏறினோம். அக்கரையில் இறங்கியதும் நேவிக்காரன் என் அடையாள அட்டையைத் தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் வாசித்தான். தலைகீழாகத்தான் நான் வடிவு என்று நினைத்தானோ தெரியாது, போகவிட்டான்.

மார்க்கண்டர் குளிக்கக் கிணற்றடிக்குப் போயிருந்தார். அவருடைய மனைவி சீதேவி எங்களை முன்னறையில் இருத்தினாள். குசினியிலிருந்து மீன்குழம்பு மணந்தது. எனக்கு நாக்கு ஊறியது. பரராசசிங்கத்துக்கு மூளை ஊறியது.

"நல்ல வாசம். மண்சட்டியோ?"

"மண்சட்டிதான். உது மச்சச் சட்டி. மரக்கறிச் சட்டி வேறயா மேல இருக்கு. இஞ்சை ரெண்டும் கலக்க விடன்."

"கோயில் கொடியேறினால் உந்தச் சட்டியை என்ன செய்வியள்?"

சீதேவியின் முகம் மலர்ந்தது. பெருமை பேச இடம் கிடைத்தால் யாருக்குத்தான் மலராது?

"கொடியேறுறதுக்கு முதல்நாளே வீடு முழுக்கக் கழுவி, உந்தச் சட்டியைப் பின்கோடிக்குள்ள கொண்டுபோய்க் கவிட்டிடுவன். தீர்த்தம் முடியுமட்டும் உள்ளுக்கு வராது. இவர் எனக்கும் மேல. வேலைத்தலத்திலயும் மச்சம் தொடார். அந்த நாளுகளில கொம்பனில ஐஸ்க்கட்டி மட்டும்தான் தூக்குவார். றால் பெட்டியளைப் பொடியள் கைவண்டிலில இழுப்பாங்கள். வருசா வருசம் அப்பிடித்தான். மனேச்சருக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும்."

நான் பரராசசிங்கத்தைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தோனியம்மாவின் காலில் விழுந்தது என்ன? இறால். அன்று என்ன நாள்? சப்பறம். கொடியேறிக் கிடந்த காலம். ஊர் முழுக்கத் தெரிந்த சங்கதி என்பதால் ஒருவரும் அதை ஒரு சங்கதியாக நினைக்கவில்லை.

மார்க்கண்டர் ஈரத் துவாயோடு வந்தார். எங்களைக் கண்டதும் முகம் இறுகிவிட்டது. கேட்கும் முன்னரே ஒப்புவிக்கத் தொடங்கினார்.

"நான்தான் ஓட்டினனான். ஹோர்ன் அடிச்சனான். அந்தப் பிள்ளை கோட்டைத் தாண்டி வந்தது. இதைவிடச் சொல்ல ஒண்டுமில்லை."

பள்ளிக்கூடத்தில் தேவாரம் பாடமாக்கிய பிள்ளை கூட இவ்வளவு அவசரப்பட மாட்டாது.

"சரி, சரி," என்றார் பரராசசிங்கம் எழும்பிக்கொண்டே. "நாங்கள் போட்டு வாறம். ஒரு சின்னச் சந்தேகம். கொம்பனில அண்டைக்கு என்ன பாரம்?"

"றால் பெட்டி," என்றார் மார்க்கண்டர்.

குசினியில் அகப்பை சட்டியில் தட்டுகிற சத்தம் நின்றது. சீதேவி கதவடியில் வந்து நின்றாள்.

"என்ன பெட்டி?"

மார்க்கண்டர் ஈரத் துவாயைத் தோளில் இழுத்துப் போட்டார்.

"ஐஸ்க்கட்டி சரிஞ்சதெண்டெல்லோ எனக்குச் சொன்னனீங்கள்?"

அவள் அகப்பையோடு ஒரு அடி முன்னுக்கு வந்தாள்.

"சப்பறத்தண்டு றால் தூக்கினனீங்களோ? தூக்கிப்போட்டு, அடுத்த நாள் அதே கையாலயோ அம்மாளின்ர தேர்வடம் பிடிச்சனீங்கள்?"

கொழும்பிலிருந்து வழக்குப் பேசுகிற பெரிய அப்புக்காத்தைக் கொண்டுவந்து இறக்கினாலும் இப்படி ஒரு கேள்வி அவன் வாயில் வராது. மார்க்கண்டர் சுவரில் சாய்ந்தார். ஒன்றில் அவர் கொம்பனிக்காகப் பொய் சொன்னவர், அல்லது விரதம் முறித்துக்கொண்டு தேர் இழுத்தவர். மூன்றாவது வழி கிடையாது. நயினாதீவில் இருந்துகொண்டு இரண்டாவதை ஒப்புக்கொள்ள அவரால் ஏலுமா?

"நான் தொடேல்லை," என்றார். "அம்மாளாணை நான் தொடேல்லை. நான் ஐஸ் அறைக்குள்ள நிண்டனான். சத்தம் கேட்டுத்தான் ஓடிவந்தனான்."

"அப்ப ஆர் ஓட்டினது?" நான் துள்ளி எழும்பிவிட்டேன்.

"அதை மட்டும் கேக்காதேங்கோ தம்பி. அந்தப் பேரை நான் சொன்னால், அந்தப் பிள்ளைக்கு இருக்கிற மற்றக் காலும் போனமாதிரி."

பரராசசிங்கம் திரும்ப உட்கார்ந்தார்.

"பேர் வேண்டாம். நீங்கள் ஏன் பழியை ஏற்றனீங்கள்? அதைச் சொல்லுங்கோ."

"லொறி வந்து நிண்டுது. கைவண்டில் போதாது, கெதியா ஏத்தவேணுமெண்டு மனேச்சர் துள்ளினவர். நான் ஏலாது எண்டிட்டன். அதாலதான் ஓட்டத் தெரியாத ஆளை ஏத்தினவர். நான் என்ர விரதத்தைப் பாத்தன், அங்கை ஒரு பிள்ளையின்ர கால் போச்சு. அந்தப் பாவம் என்ர. நீர்தான் ஓட்டினதெண்டு சொல்லும், அந்த ஆள் மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணாமல் தப்பும் எண்டு மனேச்சர் சொன்னார். ஓமெண்டன்."

"கோட்டைத் தாண்டினவ எண்டும் சொன்னனீங்களே."

"அது ஒரு சடங்குக்கு எழுதிறது எண்டவர். அவவுக்கு நல்ல வேலை குடுக்கப் போறாராம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆடு நனையுதென்று ஓநாய் அழுத கதை சின்ன வயதில் கேட்டது. ஓநாய்க்கு வெள்ளை லோங்சும் சேட்டும் போட்டு மனேச்சர் உத்தியோகமும் கொடுத்திருப்பது இப்போதுதான் தெரிந்தது.

"அந்தப் பேப்பரால அவவுக்கு ஒண்டும் கிடைக்காமல் போகும். வீட்டையும் பறிப்பினம்," என்றார் பரராசசிங்கம். "அதுக்குத்தான் உங்கட கையெழுத்து."

மார்க்கண்டருக்கு அது தெரிந்திருக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. ஆனால் சீதேவிக்கு இரக்கம் வரவில்லை.

"நாளைக்குப் போய் உள்ளதைச் சொல்லிப்போட்டு வாங்கோ," என்றாள். "சொல்லாட்டி வரவேண்டாம்."

அவள் குசினிக்குத் திரும்பிப் போனாள். மீன்குழம்பு சாப்பிடச் சொல்லி ஒருவரும் எங்களைக் கேட்கவில்லை. துப்பறியும் தொழிலில் இதெல்லாம் சகிக்க வேண்டியிருக்கிறது.

திரும்புகிற லோஞ்சில் நான் வெற்றிக் களிப்பில் இருந்தேன். பரராசசிங்கத்தின் முகத்தில் களிப்பு இல்லை.

"என்ன அண்ணை, பூட்டு உடைஞ்சுது. இனியென்ன?"

"காலமை அந்தோனியம்மா என்ன சொன்னவ? ஆளைக் காணேல்லை, சுவரைப் பாத்து நிண்டனான் எண்டவ. பிறகு, கொம்பு முன்னால வந்தது எண்டவ. முதுகுகாட்டி நிண்ட மனிசி அதை எப்பிடிக் கண்டது?"

எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது.

"கண்டிருக்கிறா," என்றார் அவர். "கொம்பையும் கண்டவ, கொம்புக்குப் பின்னால இருந்தவனையும் கண்டவ. கண்டும் எங்களுக்கு மறைக்கிறா. ஆர் ஓட்டினதெண்டு கிண்டவேண்டாம் எண்டவ, கவனிச்சனீரோ? தன்ர காலைக் கொண்டுபோனவனை ஒரு பொம்பிளை ஏன் காப்பாற்றவேணும்?"

அந்த வீட்டில் இரண்டு பேர்தான். தட்டத்தை வைத்துவிட்டு ஒருவர் முகத்தையும் பாராமல் போனவன் ஒருவன். எனக்கு வாயில் ஒரு பகிடியும் வரவில்லை. மண்டைதீவுப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் போனபோது பொழுது படவில்லை. அந்தோனியம்மா படியில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பரராசசிங்கம் நடந்ததைச் சொன்னார். மார்க்கண்டர் நாளைக்கு உண்மை சொல்வார் என்றதும் அவள் கண்ணை மூடிச் சிலுவை போட்டாள். பிறகு அவர் கேட்டார்.

"குருசுமுத்து எங்கை?"

அவள் கை நின்றது.

"அவன் கடைக்குப் போட்டான். ஏன்?"

"நீங்கள் திரும்பிப் பாத்தனீங்கள், இல்லையோ?"

அவள் வெங்காயத்தைக் கீழே வைத்தாள். சத்தத்தைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"பாத்தனான். அவன்ர முகத்தைப் பாத்தனான். பிறேக்கைத் தேடிக் காலால நிலத்தை உதைச்சுக்கொண்டு, அக்கா அக்கா எண்டு கத்திக்கொண்டு வந்தவன். என்ன செய்ய? எஞ்சின் இரைச்சலில எனக்குக் கேக்கேல்லை எண்டு நினைச்சிருக்கிறான். நான் கண்டது அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சால் கடலுக்குப் போறவன் திரும்பி வருவானோ எண்டு பயம். அதுதான் நான் காணேல்லை, எனக்கொண்டும் தெரியாது எண்டு அவனோட தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருக்கிறன்."

வேலிப் படலை அசைந்தது. குருசுமுத்து பேக்கரிப் பாணைக் கையில் பிடித்தபடி நின்றான். எவ்வளவு கேட்டான் என்று கேட்கத் தேவையில்லை.

"அக்கா. உனக்குத் தெரியுமோ?"

"கால் போகேக்கையே தெரியும்."

"ஏன் என்னை ஒண்டும் கேக்கேல்லை?"

"நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

அவன் அப்படியே மண்ணில் குந்தி அழுதான். நான் பாணை வாங்கிக்கொண்டேன். வேறு என்ன உதவி செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அந்தோனியம்மா அவனை அழ விட்டாள். பிறகு கேட்டாள்.

"ஆர் உன்னை ஏறச் சொன்னது?"

"மனேச்சர்."

"ஏலாது எண்டு சொன்னனியோ?"

"ஓட்டத் தெரியாதெண்டு ரெண்டு தரம் சொன்னனான். மூண்டாந்தரம், ஏறாட்டி நாளைக்கு அக்காவும் தம்பியும் வேலைக்கு வரவேண்டாம் எண்டார். கொம்பனை ஸ்ராட் பண்ணுற திறப்பை என்ர கைக்குள்ள வைச்சு அமத்தினவர். பிறகு, வாய் திறந்தால் நீதான் மறியலுக்குப் போவாய் எண்டார்."

"மறியல் பயம் அவற்ரதான்," என்றார் பரராசசிங்கம். "அதை உமக்கு இரவல் தந்திருக்கிறார். லைசென்ஸ் இல்லாதவனை ஏத்தினவர் அவர். வேலை நேரத்தில, வேலைத்தலத்தில, அவற்ர சொல்லுக்கு நடந்தது. ஆர் ஓட்டினாலும் பொறுப்பு கொம்பனிக்கு. அதாலதான் உம்மட அக்கா கோட்டைத் தாண்டினவ எண்டு கதை கட்டினது. அந்தக் கதை இல்லாட்டி அவருக்குத் தப்ப இடமில்லை. உங்கள் ஒவ்வொருத்தரிட்டையும் ஒவ்வொரு பயத்தைக் குடுத்து, நீங்கள் ஆளையாள் காப்பாற்றி, முடிவில அவரைக் காப்பாற்றிக்கொண்டு இருக்கிறியள்."

அந்தோனியம்மா கக்கத்துத் தடியை எடுத்து ஊன்றி எழும்பினாள்.

"நாளைக்கு நீயும் வா," என்றாள் தம்பியிடம். "வந்து உள்ளதைச் சொல்லு. ஆனா தலையைக் குனிஞ்சு கொண்டு சொல்லாதை. சொன்னியெண்டால் இந்தத் தடியாலயே தருவன்."

மறுநாள், திங்கட்கிழமை. விசாரணை அறை சின்னது. மேசைக்குப் பின்னால் அரசாங்க அதிகாரி, மூக்கில் கண்ணாடி. ஒரு பக்கம் மனேச்சர் செல்வரத்தினம், கசங்காத வெள்ளை உடுப்பு. மற்றப் பக்கம் நாங்கள். யன்னலுக்கு வெளியே இறால் உரிக்கும் பெண்கள் வந்து நின்றார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று நினைத்து எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒன்றையும் காணவில்லை என்று சொன்ன வாய்கள்தானே இவை?

அதிகாரி முதலில் அந்தோனியம்மாவைக் கேட்டார்.

"கோட்டைத் தாண்டினனீங்களோ?"

"கோடு கிடந்த இடத்தில கிடந்தது ஐயா. நான் இங்கால நிண்டனான். கொம்பன்தான் தாண்டி வந்தது."

பிறகு மார்க்கண்டர். கொடிக்காலத்தில் மச்சம் தூக்குவதில்லை, அன்று ஓட்டியது தான் இல்லை, எழுதிக் கொடுத்தது பொய் என்று மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, பாரம் இறக்கியவர் போல உட்கார்ந்தார். மனேச்சர் கலங்குவார் என்று நான் ஆசையோடு பார்த்தேன். மனிசன் கலங்கவில்லை. துக்கவீட்டுக்கு வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு எழும்பினார்.

"ஐயா, ஒரு குடும்பத்தின்ர மானத்துக்காக நான் மறைச்சது. இனி மறைக்க ஏலாது. ஓட்டினது இவவின்ர சொந்தத் தம்பி. என்ர மேசையில இருந்த திறப்பைக் களவெடுத்து, பகிடிக்கு ஏறி ஓட்டினவன். கொம்பனி என்ன செய்யும்?"

இந்தச் சீட்டை அவர் ஒளித்து வைத்திருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பரராசசிங்கத்தின் கையில் பனங்கட்டி கடிபடாமல் இருந்தது. அவரும் எதிர்பார்க்கவில்லை.

குருசுமுத்து எழும்பினான். தலையைக் குனியவில்லை.

"ஓட்டினது நான்தான். களவெடுக்கேல்லை. தெரியாதெண்டு சொல்லச் சொல்ல, திறப்பைத் தந்து ஏத்தினது இவர்."

"இவன் தப்பச் சொல்லுறான் ஐயா," என்றார் மனேச்சர். "சாட்சி இருக்கோ? நிண்ட பொம்பிளையள் எல்லாம் ஒண்டும் காணேல்லை எண்டு தந்திருக்கினம்."

அதிகாரி பேனையை வைத்தார். "சாட்சி இருக்கோ?" என்று எங்களைக் கேட்டார். எங்களிடம் இல்லை. அவ்வளவுதான், எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

அந்தோனியம்மா யன்னல் பக்கம் திரும்பினாள்.

"றோசம்மாக்கா," என்றாள். "தம்பி தானே சொல்லிப்போட்டான். இனி எங்களுக்காக நீங்கள் வாயைப் பொத்தவேண்டாம்."

யன்னலடியில் ஒரு அசைவு. பிறகு கதவால் அவர்கள் உள்ளே வரத் தொடங்கினார்கள். முன்னுக்கு வந்த றோசம்மா என்ற தடித்த மனிசி, விரலெல்லாம் இறால் முள் குத்திய தழும்பு, நேரே மேசையடிக்கு வந்து நின்றாள்.

"நாங்கள் எல்லாரும் கண்டனாங்கள் ஐயா. அந்தப் பொடியன் மாட்டன் மாட்டன் எண்டவன். இவர்தான் அவன்ர கையைப் பிடிச்சுத் திறப்பை அமத்தினவர். அக்காவும் தம்பியும் ஒரு வீட்டில முகம் பாத்து இருக்கவேணுமெண்டு நாங்கள் காணேல்லை எண்டு சொன்னனாங்கள். இவருக்காக இல்லை."

மனேச்சரின் முகத்தை நான் அப்போது பார்த்தேன். அந்தப் பெண்கள் தனக்குப் பயந்துதான் இத்தனை நாளும் வாய் மூடிக்கிடந்தார்கள் என்று அந்த மனிசன் நம்பியிருந்திருக்கிறார். நானும் அப்படித்தான் நினைத்தேன். துப்பறியும் பரராசசிங்கமும் அப்படித்தான் நினைத்தார். பின்னேரம் அவரே ஒப்புக்கொண்டார்.

"வேலையை விட்டிட்டு ஆர் உங்களை வரச் சொன்னது?" என்று கத்தினார் மனேச்சர். "அங்கை மேசை முழுக்க றால் கிடக்குது. வெயிலேறினால் எல்லாம் பழுதாப் போகும். கெதியாப் போங்கோ."

றோசம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. மூலையில் கிடந்த வாங்கை இழுத்து, மற்றப் பெண்களை இருக்கச் சொல்லி, தானும் அதிகாரிக்கு முன்னால் வசதியாக உட்கார்ந்தாள்.

"ஒவ்வொருத்தராச் சொல்லுறம், ஆறுதலா எழுதுங்கோ ஐயா," என்றாள். "எங்களுக்கு ஒரு அவசரமும் இல்லை. ஐஸ் உருகினால் உருகட்டும்."